பட்டுக் கச்சையின் முடிச்சு

போன வாரம் உன் மகள் ஸ்டெல்லா வந்தாள். உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து ஒரு துணியை எடுத்து என் மடியில் வைத்தாள். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது.

"மாமா, இந்த முடிச்ச அவுத்துக் குடுங்க. பட்டு கிழியக் கூடாது. ஊசி, ஆணின்னு எல்லாத்தையும் வுட்டுப் பாத்துட்டேன். இம்மாந்தூண்டுகூட அசையல."

அரக்குப் பட்டு. நான்கு விரல் அகலம். இரண்டு ஓரத்திலும் மெல்லிய ஜரிகைக் கரை. இரண்டு முனைகளையும் சேர்த்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு. அதனால் துணி வளையமாக இருந்தது. உன் டிரங்குப் பெட்டியின் அடியில், வேலைக்குப் போட்டுப்போன காக்கிச் சட்டைகளுக்குக் கீழே கிடந்ததாம்.

"இது இன்னா துணின்னு தெரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"சாமியாருங்க பூசைல கழுத்துல போட்டுத் தொங்க வுடுவாங்களே, அது மாமா. அப்பா கோயிலுக்குன்னு நேந்துகினு வாங்கியிருப்பாரு, குடுக்க மறந்துட்டாரு. ஞாயித்துக்கெழம அவருக்கு நெனவுப் பூசை. ஃபாதர் இத்த போட்டுகினு நின்னார்னா, எங்கப்பாவோடது ஒண்ணாச்சும் நாலு பேர் கண்ணுல படும். வேற இன்னா வச்சிட்டுப் போயிருக்காரு, சொல்லுங்க?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப் போனது. "இன்னாத்துக்கு மாமா சிரிக்கிறீங்க?"

என்ன ஆள்டா நீ! பெற்ற பெண்ணோடு இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறாய். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா படிக்கிற காலத்தில் 'ஏதோ வெளையாடுவாரு' என்பது மட்டும்தான். அந்த 'ஏதோ' என்னவென்று நான் சொல்லவேண்டியதாயிற்று. அவளுக்குச் சொன்னதையே இப்போது உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் உன்னிடம் கேட்க எனக்குக் கேள்விகள் இருக்கின்றன. எழுதுவது என் மருமகள் கஸ்தூரி. நான் பேசுவதை அவள் நேராக்கித்தான் எழுதுவாள். பொறுத்துக்கொள்.

உன்னைக் குஸ்திக்கு இழுத்தது மாதா சப்பரம். அந்த வருடத் திருவிழாவில் மழை பெய்து தெருவெல்லாம் சேறு. சப்பரம் தூக்கியவர்களில் ஒருவர் வழுக்கி விழ, ஒரு பக்கம் சாய்ந்தது. நீ ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாய். மற்றவர்கள் சுதாரித்து வரும்வரை அந்தப் பக்கத்துப் பாரம் முழுக்க உன் மேல்தான். எதிர்ப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த உங்கள் டிரில் மாஸ்டர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

"எந்த கிளாஸ்டா நீ?"

"ஒம்போதாவது சார்."

"குஸ்தி தெரியுமா?"

"தெரியாது சார்."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு வா."

போனாய். இரண்டே வாரத்தில் உன்னோடு பிடி போட அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவனும் மிஞ்சவில்லை. உன்னைப் பார்த்தாலே பையன்கள் வேலி தாண்டி ஓடினார்கள். அப்போதுதான் முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய். நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன். தறிக்குழியில் கால் எட்டிய நாளிலிருந்து நெய்துகொண்டிருந்தேன்.

"டேய் வர்தா, ஆத்துக்கு வாடா."

"எதுக்கு?"

"நீ சும்மா நில்றா, போதும்."

சும்மாதான் நின்றேன். மூன்று வருடம் சாயங்காலமெல்லாம் ஆற்று மணலில் நின்றேன். நிற்பேன், அடுத்த கணம் வானம் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவே தெரியாது. காலைப் பிடித்தாயா, இடுப்பைப் பிடித்தாயா, என் பாரத்தை வைத்தே என்னைச் சாய்த்தாயா? கண்ணைச் சிமிட்டக் கூடாது என்று வைராக்கியமாக நின்று பார்த்திருக்கிறேன். அப்போதும் வானம்தான். மண்ணைத் துப்பிக்கொண்டே கேட்பேன், "இன்னாடா பண்ண?" என்று. நீ என்னைவிட அதிசயமாக என்னைப் பார்ப்பாய். "தெரியலடா. நீ வுழுந்துட்ட." நிஜமாகவே தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா? இது என் முதல் கேள்வி.

வேலூர்ப் போட்டி வந்தது. பல ஊர்ப் பள்ளிக்கூடங்களும் சேரும் போட்டி. அதில் ஜெயித்தவன்தான் மெட்ராசுக்குப் போகலாம். ஜட்டிக்கு மேல் இடுப்பில் ஒரு கச்சை கட்டிக்கொண்டு இறங்கவேண்டும். பிடி போடுகிறவன் அந்தக் கச்சையைப் பிடிக்கலாம். அது அவிழ்ந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். பட்டு நெய்கிற எங்கள் தெருவுக்கு அது பொறுக்குமா? ஆரணிப் பக்கத்துப் பையன் கிழிந்த வேட்டி கட்டிக்கொண்டு வேலூரில் இறங்குவதா என்று பேச்சு கிளம்பியது. ஒரு வீட்டிலிருந்து பட்டு வந்தது, ஒரு வீட்டிலிருந்து ஜரிகை வந்தது. உன் இடுப்பு அளவு தெரிந்தவன் என்று என்னை நெய்யச் சொன்னார்கள். இரண்டு சுற்றுச் சுற்றி முடி போடுகிற நீளத்துக்கு நெய்தேன். நெய்யும்போது ஆளாளுக்கு வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வாயிலும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

பட்டு வழுக்கும் என்பது எங்களுக்குத் தெரியாதா? இழை அறுந்தால் எச்சில் தொட்டு முறுக்கி முடி போடுகிறவர்கள் நாங்கள். ஆனால் அந்தக் காலத்தில் எங்களில் எந்த ஆம்பளையும் பட்டை இடுப்பில் கட்டியதில்லை. நெய்தவன் ஒருத்தன், கட்டினவன் வேறொருத்தன். உடம்பில் ஏறிய பட்டு வியர்வை பட்டால் என்ன செய்யும் என்று யார் கண்டது?

வேலூருக்குத் தெருவே பஸ் ஏறி வந்தது. நீ கச்சையைக் கட்டிக்கொண்டு மண்ணில் இறங்கினாய். வெயிலில் ஜரிகை மின்னியது. அந்தப் பக்கத்துப் பையன்கள் ஊளையிட்டார்கள்.

"மாப்ள வந்துட்டான்டா!"

"மாப்ளே, பொண்ணு எங்க?"

"அய்யரக் கூப்புடு, ஜல்தி!"

எங்கள் ஆட்களுக்குக் காதில் விழவில்லை. அவர்கள் கண் முழுக்கக் கச்சையின் மேல்தான்.

முதல் பிடியிலேயே அவிழ்ந்தது. ரெஃப்ரி விசில் அடித்தார். கட்டிக்கொண்டு வந்தாய். மறுபடியும் அவிழ்ந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அந்தப் பையனைச் சாய்த்தாயே, அதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனாலும் ரெஃப்ரி உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "கடைசி ஆட்டத்துல ஒரு தபா அவுந்தாலும் நீ அவுட்டு. இன்னா, புரிதா?"

பந்தலுக்குள் எங்கள் தெரு முழுக்க உன்னைச் சுற்றி நின்றது. "இறுக்கிக் கட்றா" என்றார் ஒருவர். "தண்ணியில நனைச்சிக் கட்டு" என்றார் இன்னொருவர். என் அப்பா ஊசி நூல் தேடினார். டிரில் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தைக்கறதுக்கு ரூல்ஸ்ல எடம் கெடையாதுய்யா. இன்னாய்யா பேஜாராப் போச்சு, ஒரு பழைய வேட்டி இல்லியா ஒங்க ஊர்ல?"

நீ கச்சையை அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தாய். நேராக எதிர்ப் பந்தலுக்கு நடந்தாய். உன் சட்டையையும் கச்சையையும் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே வந்தேன். கடைசி ஆட்டத்தில் உன்னோடு பிடி போடவேண்டிய காதர் அங்கே உட்கார்ந்திருந்தான். சைக்கிள் கடைக்காரர் பிள்ளை. கழுத்தே தெரியாத உடம்பு.

"இன்னா மாப்ளே, இங்க எதுக்கு வந்த?"

"ஒங்கிட்ட இன்னொரு கச்சை கீதா?"

அவன் சிரிப்பு நின்றது. உன்னை ஏற இறங்கப் பார்த்தான். கொடியில் தொங்கிய ஒன்றை உருவி எறிந்தான். வெளுத்துப்போன நூல் கச்சை, ஓரத்தில் நீலக் கோடு, வியர்வை காயாதது.

"எட்த்துக்கோ. ஆனா தோத்தா, கச்சை சரியில்லன்னு சொல்லக் கூடாது."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நீயே வச்சிக்கோ."

அவன் கச்சையைக் கட்டிக்கொண்டு அவனையே மல்லாத்தினாய். எழுந்தவன் தோளில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, நம் கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பட்டு நெய்கிற ஊருக்கு நூல் கச்சை கொடுத்த பெருமை அவனுக்கு. மைதானமே சிரித்தது. நம் ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்த பஸ் நினைவிருக்கிறதா? ஜெயித்துவிட்டு வருகிற பஸ் மாதிரியா இருந்தது? கணியம்பாடி தாண்டியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அப்பாதான் கடைசியில் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், "நம்ம துணி நிக்கலியே" என்று. நீ பட்டுக் கச்சையை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தாய். "துணி மேல தப்பில்ல மாமா. எனக்குக் கட்டத் தெரியல" என்றாய். சமாதானத்துக்குச் சொல்கிறாய் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

மெட்ராசுக்குக் காதர் கொடுத்த நூல் கச்சையோடு போனாய், கேடயத்தோடு வந்தாய். அடுத்த வருடமும் அப்படியே. தெருவில் யாரும் பட்டுப் பேச்சை எடுக்கவில்லை. உன் பெயரைப் பள்ளிக்கூடத்துப் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதினார்கள். இன்றைக்கும் இருக்கிறது. வேறு எழுத்து ஒன்றும் தெரியாத எனக்கு அந்தப் பெயரை மட்டும் எங்கே பார்த்தாலும் படிக்கத் தெரியும். உன் சாவு போஸ்டரிலும் அதை நானேதான் படித்தேன்.

பதினோராவது முடித்ததும் குஸ்தியை விட்டாய். கரண்ட் கம்பம் ஏறுகிற வேலைக்குப் போனாய். போளூர், கலசப்பாக்கம் என்று எந்தக் கம்பத்தில் பார்த்தாலும் நீ. ஏன்டா விட்டாய் என்று டிரில் மாஸ்டரே கீழே நின்று கத்திக் கேட்டார். "எத்தினி நாளுக்கு சார் எல்லாரையும் கீழ தள்ளிகினு இருக்கறது? நானாச்சும் மேல ஏறலாம்னு பாத்தேன்" என்றாய் கம்பத்தின் உச்சியிலிருந்து. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இதையெல்லாம் கேட்டபிறகு ஸ்டெல்லா கச்சையின் ஜரிகையைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

"எங்கப்பாவையா மாமா மாப்ளேன்னு கூப்ட்டாங்க?"

"ஊரே கூப்ட்டுச்சும்மா."

நான் வளையத்தை எடுத்து விரித்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் நெய்தது ஒல்லிப் பையனுக்கு இரண்டு சுற்று. இந்த வளையமோ ஒரே சுற்று, அதுவும் தாராளமாக. பென்ஷன் வாங்க ஆரம்பித்தபின் உனக்கு முன்னால் தள்ளியதே ஒரு தொந்தி, அதற்குத்தான் இது சரியாக வரும். வேலூரில்தான் அவிழ்த்து என் கையில் கொடுத்தாயே, இந்த முடிச்சு அப்போது போட்டதில்லை. கிழவனான பிறகு நீ இதைக் கட்டிப் பார்த்திருக்கிறாய்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மாமா! அம்மா போனப்புறம் அப்பா ரூமுக் கதவ சாத்திக்குவாரு. உள்ள தடால் தடால்னு சத்தம். இன்னாப்பான்னு கேட்டா, எலி அடிக்கிறேன்மான்னுவாரு. எங்க வூட்ல எலியே கெடையாது!"

இந்தத் துணியின் முனைகளைத் தடவிப் பார்த்தேன். பட்டு, மடித்த மடிப்பை மறக்காது. முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கோணல்மாணலாக மடிப்புகள், ஒன்றின்மேல் ஒன்று. எத்தனையோ விதமாக முடிந்து முடிந்து பார்த்திருக்கிறாய். கம்பத்தில் கயிறு கட்டுகிற முடி, மாடு கட்டுகிற முடி, இன்னும் எனக்குத் தெரியாதது எல்லாம். கட்டத் தெரியல என்று பஸ்ஸில் சொன்னாயே, அதை நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறாய். கதவைச் சாத்திக்கொண்டு குதித்துப் பார்த்திருக்கிறாய். கடைசியில் ஒன்று நின்றிருக்கிறது. நின்றதை அவிழ்க்க மனசில்லாமல் அப்படியே கால் வழியாக உருவி எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாய்.

அதன்பிறகு அந்த முடிச்சில் கை வைக்க எனக்கு யோசனையாகிவிட்டது. அவிழ்த்தால்தான் எப்படிக் கட்டினாய் என்று தெரியும். அவிழ்த்துவிட்டால் நீ கட்டியது போய்விடும்.

"இன்னாம்மா பண்ணலாம்? அப்டியே வச்சிக்கிறியா?"

ஸ்டெல்லா முடிச்சின் மேல் விரலை வைத்தாள். "எங்கப்பா எங்கிட்ட எதையும் சொன்னதில்ல மாமா. இத்தயாச்சும் பாக்கணும். அவுத்துடுங்க. ஆனா மெதுவா."

முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து அவிழ்த்தேன். நகத்தால் ஒரு மடிப்பை நெம்பி, அடுத்ததை நெம்பி, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். அவளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் போகப்போக எனக்கு ஆச்சரியம். முடிச்சு சாதா முடிச்சு. பாவாடை நாடாவுக்குப் போடுகிற ரெட்டை முடிச்சு. இது எப்படி நின்றது? கடைசி மடிப்பைப் பிரித்தேன். உள்ளே வெளுத்துப்போன ஒரு நூல் துணி, விரல் நீளம். பட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் அதை வைத்துச் சுருட்டி, மேலே முடி போட்டிருக்கிறாய். பட்டும் பட்டும் உரசினால்தானே வழுக்கும்? நடுவில் நூல் உட்கார்ந்து இரண்டையும் கவ்விக்கொண்டது.

மெட்ராஸ் வரைக்கும் போய்வந்த கச்சையின் துண்டு அது. ஓரத்தில் நீலக் கோடு இருந்ததே, அது இன்னும் இருக்கிறது. அதைக் கிழித்துப் பட்டுக்குள் வைக்கலாம் என்று உனக்கு எப்போதடா தோன்றியது? கம்பத்தின் மேலே இருக்கும்போதா? சாப்பிடும்போதா? தோன்றிய அன்றைக்கு ஏன் முள்ளிப்பட்டுக்கு ஓடி வரவில்லை? அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், வேலூருக்கு வந்த தெருக்காரர்களில் பாதிப் பேர் இல்லை, இனி யாரிடம் காட்டுவது என்று இருந்துவிட்டாயா? நான் இருந்தேனேடா.

"மாமா, திரும்பக் கட்டுங்க," என்றாள் ஸ்டெல்லா.

வாய்விட்டுச் சொல்லிய வழியிலேயே திரும்பிப் போனேன். முதலில் சரியாக வரவில்லை, உருவிக்கொண்டது. மறுபடி கட்டியதும் அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன். "இழும்மா" என்றேன். இழுத்தாள் பார், அவள் உன் மகள்தான். என்னை நாற்காலியோடு சேர்த்து முற்றத்திலிருந்து வாசல் வரை கொண்டுவந்துவிட்டாள். முடிச்சு அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். ஃபாதர் அவருடைய துணியைத்தான் போட்டுக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா உன் படத்துக்குப் பூமாலை போடவில்லை. அரக்குப் பட்டு வளையத்தை மாட்டியிருந்தாள், முடிச்சு முன்பக்கம் தெரிகிற மாதிரி. பூசை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து இது இன்னாம்மா என்று கேட்டார்கள். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஃபாதரும் நின்று கேட்டார். மாப்ள வந்துட்டான்டா என்கிற இடம் வரும்போதெல்லாம் கோயில் வாசலே சிரித்தது. இன்றைக்கு ஆரணியில் நீ நாலு பேருக்கு இல்லை, நாற்பது பேருக்குத் தெரிந்த ஆள்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு வந்த கஸ்தூரி இப்போது பேனாவை வைத்துவிட்டாள். "ஏன் மாமா, இத்த கண்டுபுடிக்கவா அவரு ஆயுசு பூரா ரோசன பண்ணாரு? நாங்க பட்டுப் பொடவைக்கு உள்ள நூல் பாவாட எதுக்குக் கட்டிக்கிறோமாம்? அவுரு பொண்டாட்டிய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்கும்" என்கிறாள். அன்றைக்கு அத்தனை ஆம்பளைகள் வேலூருக்குப் போனோமே, ஒருத்தன் வீட்டில் கேட்டோமா? நீ இருந்திருந்தால் இதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. சிரித்திருப்பாய். பிறகு அவளையே கட்டிக் காட்டச் சொல்லியிருப்பாய்.

உன் பிடி எதுவும் எனக்குப் பிடிபட்டதில்லை. இது ஒன்று பிடிபட்டுவிட்டது. எனக்குத் தெரியும்படி நீ மெதுவாகப் போட்ட ஒரே பிடி இது. துண்டு கிடைத்தால் துண்டு, கஸ்தூரியின் முந்தானை கிடைத்தால் முந்தானை, விரல்கள் தானாகக் கட்டிப் பார்க்கின்றன. காலையில் பால் ஊற்ற வந்தவர், "இன்னா பெரியவரே, கையில?" என்று கேட்டார். வாங்க, உக்காருங்க என்று சொல்லி, துண்டின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன்.